புது பேட்டரியும் படுத்துவிட்டது, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை: குறை எங்கே?

நாகை_ரைடர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 150 சிசி பைக், 2018 மாடல், பிஎஸ்4, கார்ப்பரேட்டர் வண்டி. பேட்டரி 12 வோல்ட், 5 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு), தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் வகை. போன தீபாவளிக்கு முன்னால்தான் புதிதாகப் போட்டது. இப்போது கொஞ்ச நாளாகக் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் சைடு கவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது, மீட்டர் விளக்கு மங்குகிறது, மோட்டார் அரைச் சுற்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது. கிக்கரில் அடித்தால் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். மத்தியானம் வெயிலில் நின்ற வண்டி என்றால் செல்ஃப் ஓரளவுக்கு எடுக்கிறது, இதுதான் எனக்குப் புரியவில்லை. இன்னொன்று, ஐடிலிங்கில் ஹாரன் குரல் கம்மிவிடுகிறது, இண்டிகேட்டர் சோம்பலாக அடிக்கிறது, ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இரண்டும் சரியாகிவிடும்.

வீடு நாகப்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில். தினமும் வேளாங்கண்ணிக்கு வேலைக்குப் போய் வருகிறேன், அவ்வளவுதான் ஓட்டம். கூடுதலாக மாட்டியிருப்பது ஒரு ஜோடி எல்இடி ஃபாக் லைட், ஹேண்டில்பாரில் ஒரு யுஎஸ்பி சார்ஜர், வண்டி திருடு போகாமல் இருக்க ஒரு ஜிபிஎஸ் டிராக்கர்.

மெக்கானிக் கடையில் பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். பேட்டரி கடையில் ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுப் பார்த்துவிட்டு பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, வண்டியைப் பாருங்கள் என்கிறார்கள். நடுவில் நான் அலைகிறேன். என்னிடம் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. எதை எங்கே வைத்து அளக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னால் வீட்டிலேயே பார்த்துவிடுவேன். காரணம் தெரியாமல் இன்னொரு பேட்டரிக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை.

பட்டறைக்காரன்_கோவை:

தம்பி, பேட்டரியை இப்போது வாங்காதீர்கள். புது பேட்டரி ஒரு வருஷத்துக்குள் படுத்தால் பத்துக்கு எட்டு வண்டியில் தப்பு பேட்டரி மேல் இருக்காது. ஒன்று அதற்குச் சார்ஜ் சரியாக ஏறவில்லை, அல்லது ஏறிய சார்ஜ் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பேட்டரியில் சார்ஜ் இருந்தும் மோட்டார் வரைக்கும் போய்ச் சேரவில்லை. மூன்றுக்கும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான், அதனால்தான் எல்லோரும் முதலில் பேட்டரி மேல் கை வைக்கிறார்கள்.

முதலில் உங்கள் மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். விலை குறைந்த மீட்டர்களில் அந்தச் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், 12.1 இருப்பதை 12.8 என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

அப்புறம் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் சாவி போடுவதற்கு முன்னால் பேட்டரியின் இரண்டு முனையிலும் நேரடியாகத் தொட்டுப் பாருங்கள். ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கில் வைக்காதீர்கள், பேட்டரியின் ஈயத்தில் வையுங்கள். 12.7 பக்கம் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம், 11.8 என்றால் காலி. வண்டியை நிறுத்தியவுடனே அளந்தால் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் சார்ஜ் 13 என்றுகூடக் காட்டும், அதை நம்ப வேண்டாம், சில மணி நேரம் கழித்து வருவதுதான் கணக்கு. சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது, ஒவ்வொரு செல்லும் 2.1 வோல்ட் தருகிறதல்லவா, அதில் ஒன்று இல்லை, அந்த பேட்டரியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

இரண்டாவது, மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்துங்கள். நல்ல பேட்டரி இந்த அளவு வண்டியில் 10க்கு மேல் நிற்கும், 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம் என்று எடுத்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு செல்ஃப் அழுத்தினதும் 7, 8 என்று விழும் பேட்டரிகள் நிறைய வரும், அதுதான் வோல்ட் இருந்தும் வலு இல்லாத பேட்டரி.

மூன்றாவது, வண்டியை ஓடவிட்டு 4000 ஆர்பிஎம் பக்கம் பிடித்துக்கொண்டு பேட்டரியில் பாருங்கள். 13.5 முதல் 14.5க்குள் வர வேண்டும். 13க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, அது பேட்டரியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடும், பல்புகளும் அடிக்கடி போகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடுகிறது, சார்ஜிங் சரியாக இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரி இல்லாமல் போனால் வோல்டேஜ் எகிறும், பிளக்கில் பொறி வரவைக்கும் சிடிஐ, மீட்டர் போர்டு, எல்இடி எது வேண்டுமானாலும் போகும். இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு போனால் செலவு பல ஆயிரம்.

ஓஎம்ஆர்_பயணி:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஜிபிஎஸ் டிராக்கர் என்று படித்ததும் எனக்கு அங்கேதான் சந்தேகம் போனது. என் வண்டியில் இதே மாதிரி வெள்ளிக்கிழமை நிறுத்தினால் திங்கள்கிழமை செல்ஃப் எடுக்காது. சாவியை ஆஃப் செய்த பிறகும் டிராக்கர் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும், அதன் வேலையே அதுதானே.

அளப்பது இப்படி: சாவி ஆஃப். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றிச் செருகி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரைச் சேருங்கள். பெரிதாக எதுவும் ஓடவில்லை என்று தெரிந்த பிறகு மில்லி ஆம்பியருக்கு இறக்கிப் பாருங்கள். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது கை தவறிக்கூட சாவி போட்டு செல்ஃபை அழுத்திவிடாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும், 10 ஆம்பியர் பக்கத்துக்குப் பியூஸே வைக்காத மீட்டர் என்றால் மீட்டரே போய்விடும். ஒன்றும் மாட்டாத கார்ப்பரேட்டர் வண்டியில் கடிகாரத்துக்கும் டிரிப் மீட்டர் நினைவுக்கும் சேர்த்து ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான் போக வேண்டும். 50 மில்லி ஆம்பியர் போனால் உங்கள் 5 ஏஎச் பேட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளில் சுத்தமாகக் காலி. கூடுதலாகக் காட்டினால் மாட்டியிருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள், எதை எடுத்ததும் எண் இறங்குகிறதோ அந்த வழியில்தான் ஒழுகல்.

யுஎஸ்பி சார்ஜரை பேட்டரியில் நேராகக் கொடுத்திருந்தால் அதுவும் போன் செருகாமலே கொஞ்சம் குடிக்கும். அதில் நீல விளக்கு எப்போதும் எரிகிறதா பாருங்கள். இன்னொன்று, சில பழைய வண்டிகளில் சாவியை லாக் நிலையையும் தாண்டித் திருப்பினால் பார்க்கிங் லைட் எரிய ஒரு நிலை உண்டு, சாவி தெரியாமல் அதில் நின்றுவிட்டால் ராத்திரி முழுக்கப் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கடலோரம் என்பதால் பேட்டரி முனைகளையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துப் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஸ்பேனர் வண்டியின் ஃபிரேமில் பட்டாலும் பொறி பறக்காது.

நாகை_ரைடர்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

காலையில் சாவி போடுவதற்கு முன் 12.32. டெர்மினல் சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் கழற்றித் தேய்த்து மாட்டினேன், மாற்றம் இல்லை. செல்ஃப் அழுத்தும்போது பேட்டரியில் 11.0. மோட்டார் வழக்கம்போல முனகல்தான், சுற்றவில்லை.

வண்டி ஓடும்போது ஐடிலிங்கில் 12.3, 4000ல் 13.0, ஃபாக் லைட்டையும் போட்டால் 12.7. சாவி ஆஃபில் 22 மில்லி ஆம்பியர் போகிறது, டிராக்கரைக் கழற்றினால் 1.5க்கு வந்துவிடுகிறது. அப்படியானால் டிராக்கர்தான் காரணமா? இல்லை சார்ஜிங் குறைவதால், இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் காயில் பிளேட் போய்விட்டதா? செல்ஃப் அழுத்தும்போது 11 நிற்கிறதே, அண்ணன் சொன்ன கணக்குப்படி பேட்டரி நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம், அப்புறம் ஏன் மோட்டார் சுற்றவில்லை?

பட்டறைக்காரன்_கோவை:

தம்பி, நல்ல அளவுகள். அந்த 11.0தான் இதில் முக்கியமானது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

செல்ஃப் மோட்டார் வலுவாகக் கரண்டை இழுத்தால் 5 ஏஎச் பேட்டரியின் வோல்ட் கட்டாயம் இறங்கித்தான் ஆக வேண்டும். முக்கால் சார்ஜுக்கும் கீழே இருக்கும் சின்ன பேட்டரி 11ல் நிற்கிறது, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் கரண்ட் முழுசாக ஓடவில்லை, வழியில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரி செத்திருந்தால் நீங்கள் 8 பார்த்திருப்பீர்கள். இன்னொரு தடயமும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்: பேட்டரியில் 11 இருக்கும்போது மீட்டர் விளக்கு அவ்வளவு மங்கக் கூடாது. அது மங்குகிறது என்றால் மீட்டர் போர்டுக்கு வரும் எர்த்தும் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) அந்தக் கெட்ட இடத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வெயிலில் சரியாகிறது, காலைப் பனியில் மோசமாகிறது என்றதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம்.

இதைக் கண்டுபிடிக்க ஒயரைத் தடவிப் பார்த்தோ இழுத்துப் பார்த்தோ ஒன்றும் ஆகாது. ஓம்ஸில் வைத்துப் பார்த்தாலும் நல்ல இணைப்பு மாதிரியே காட்டும், ஏனென்றால் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சின்னது, ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் அதற்குப் போதும். கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரை டிசி 20லேயே வையுங்கள். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் ஈயத்தில், இன்னொரு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் அழுத்திப் பிடியுங்கள். சாதாரணமாக 0 காட்டும். யாரையாவது இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். 0.2, 0.3க்குள் இருந்தால் எர்த் சரி. அதற்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் மோட்டாருக்குப் போகாமல் வழியிலேயே வீணாகிறது.

அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் முனைக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். இங்கே 0.5 வரை விடலாம், நடுவில் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே இருக்கிறதே. ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கு நடுவே மட்டும் வைத்துப் பார்த்தால் ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கிறதா என்று தனியாகவே தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் பார்க்க வேண்டும், இப்போது அது வேண்டாம்.

சார்ஜிங் தனிக் கதை. 13.0 போதாது, அதிலும் ஃபாக் லைட் போட்டால் 12.7 என்றால் பேட்டரிக்கு ஒன்றுமே ஏறவில்லை என்று அர்த்தம். ஆனால் அதற்குள் காயில் பிளேட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், அதைக் கழற்ற மேக்னட் கவரைத் திறக்க வேண்டும், கேஸ்கெட் மாற்ற வேண்டும், பெரிய வேலை. முதலில் ரெகுலேட்டரிலிருந்து வெளியே வரும் பாசிட்டிவ் ஒயரில், கப்ளரின் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, 4000ல் எவ்வளவு வருகிறது பாருங்கள். கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலேயே வையுங்கள். அங்கே 14க்கு மேல் வந்து பேட்டரியில் 13 என்றால் நடுவில் இருக்கும் ஒயரோ கப்ளரோதான் திருடன். அங்கேயும் 13 என்றால் அடுத்தது காயில்: ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஏசியில் வைத்து, காயிலிலிருந்து வரும் மூன்று ஒயர்களை இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மூன்று ஜோடியும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வருகிறதா என்பதுதான் விஷயம். ஒரு ஜோடி மட்டும் படுத்தாலோ, இன்ஜினை நிறுத்திவிட்டு ஓம்ஸில் பார்க்கும்போது அந்த ஒயர்களில் ஏதாவது ஒன்று இன்ஜின் பாடியோடு சேர்ந்தாலோ காயில் எரிந்துவிட்டது.

டிராக்கர் இதற்கெல்லாம் மூல காரணம் இல்லை, ஆனால் அதுவும் தன் பங்குக்கு இழுக்கிறது. 22 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு அரை ஏஎச், உங்கள் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. சார்ஜிங் நன்றாக இருக்கும் வண்டி அதைத் தினமும் ஈடுகட்டிவிடும். உங்கள் வண்டியால் முடியவில்லை.

நாகை_ரைடர்:

அண்ணா, பிடித்துவிட்டோம்!

பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் போல்ட்டுக்கும் நடுவில் செல்ஃப் அழுத்தும்போது 2.6 வோல்ட். பார்த்ததும் மீட்டர் முனை சரியாகப் படவில்லையோ என்று இடம் மாற்றி மாற்றி வைத்தேன், அதேதான். பாசிட்டிவ் பக்கம் 0.4, ரிலே நன்றாக இருக்கிறது. நெகட்டிவ் ஒயரைத் தொடர்ந்து போனால் அது இன்ஜினுக்குப் பின்பக்கம், செயின் பக்கத்தில், ஒரு 10ஆம் நம்பர் போல்ட்டில் முடிகிறது. இன்னும் ஒரு மெல்லிய எர்த் ஒயரும் அதே போல்ட்டில்தான் சேர்கிறது. தம்பியை செல்ஃபை அழுத்தச் சொல்லிவிட்டு அந்த போல்ட்டைத் தொட்டால் சுடுகிறது! ஒயர் குளிர்ச்சியாக இருக்கிறது, போல்ட் தலை மட்டும் சூடு. வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை, செயின் ஆயிலும் மண்ணும் அப்பியிருந்தது. கழற்றிப் பார்த்தால் லக்குக்கு அடியில் ஈரமான பச்சைப் பொடி, இன்ஜின் அலுமினியத்தில் வெள்ளையாகக் குழிக் குழியாக அரித்திருக்கிறது. லக்குக்குள் கிரிம்ப் செய்த இடத்தில் செம்பு இழைகள் கறுத்து, பாதி தொட்டதும் உதிர்ந்தன.

ரெகுலேட்டரில் 14.2 வருகிறது, பேட்டரியில் 13.0. அந்தக் கப்ளரைப் பிரித்தேன், வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு துளை மட்டும் பழுப்பேறி லேசாக உருகியிருக்கிறது, உள்ளே இருந்த பின் தளர்ந்து ஆடுகிறது. அது பாசிட்டிவ் ஒயர்தான்.

இப்போது செய்தது: எர்த் ஒயரை முழுசாக மாற்றிவிட்டேன், ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் அதே தடிமனில் புது ஒயர் வெட்டி இரண்டு பக்கமும் லக் அழுத்திக் கொடுத்தார்கள். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டினேன். கப்ளரை வெட்டிவிட்டுப் புதுக் கப்ளர் புது பின்களோடு போட்டாயிற்று. செல்ஃப் அழுத்தினால் பேட்டரியில் 10.2 வருகிறது, மோட்டார் சர்ரென்று சுற்றி உடனே எடுக்கிறது. 4000ல் 14.0, ஃபாக் லைட்டோடு 13.6. அந்த இடத்தில் இப்போது 0.15தான்.

இப்போது இந்த பேட்டரியை அப்படியே ஓட்டலாமா? இத்தனை மாதம் அரைகுறைச் சார்ஜில் கிடந்ததே.

பாலிடெக்னிக்_ஆசிரியர்:

வாழ்த்துகள் தம்பி. பேட்டரி விஷயத்தில் நான் சொல்கிறேன், நான் வகுப்பில் வருஷக்கணக்காக நடத்திய பாடம் இது.

ஈய பேட்டரி சார்ஜ் இறங்கும்போது இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றினால் அது திரும்பக் கரைந்துவிடும். ஆனால் அரைகுறைச் சார்ஜிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் அந்தப் படிவம் பெரிய படிகங்களாக இறுகிவிடுகிறது, பிறகு சுலபத்தில் கரையாது, அவ்வளவு இடமும் வேலைக்கு உதவாத இடமாகிவிடும். உங்கள் பேட்டரி 12.3ல் கிடந்திருக்கிறது, அதாவது பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில். கொஞ்சம் இழப்பு இருக்கலாம், ஆனால் 10.2ல் நின்று மோட்டாரைச் சுற்றுகிறது என்றால் தூக்கிப் போட வேண்டிய நிலை இல்லை.

வண்டியிலேயே ஓட்டி நிரப்பலாம் என்று விட்டுவிடாமல் ஒருமுறை வெளியே எடுத்து நிதானமாகச் சார்ஜ் போடுங்கள். ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர்தான் அளவு, உங்களுக்கு 0.5 ஆம்பியர். பைக் பேட்டரிக்கென்று தானாகக் கட் ஆகும் சின்ன சார்ஜர்கள் கிடைக்கின்றன, அதில் போட்டால் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். கார் பேட்டரிகளோடு வரிசையில் கோர்த்து 4, 5 ஆம்பியரில் ஏற்றுகிற இடத்தில் கொடுக்காதீர்கள். சீல் பேட்டரி சூடாகி வாயு வெளியேறினால் அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. சார்ஜ் போட்டு எடுத்து, சும்மா அரை நாள் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 12.7 பக்கம் நின்றால் நிம்மதியாக மாட்டுங்கள். 12.4க்கு இறங்கிவிட்டால் பேட்டரி கடையில், பெரிய கரண்டை இழுக்கவைத்து பேட்டரியின் வலுவைப் பார்க்கும் லோட் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சார்ஜ் போட்டுப் பார்த்தேன் என்பது லோட் டெஸ்ட் ஆகாது.

ஃபாக் லைட் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிகிறது. 35 வாட் ஹெட்லைட், பின்விளக்கு ஒரு 5 வாட், சேர்ந்தால் 40 வாட், மூன்று ஆம்பியருக்கு மேல் எப்போதும் அதற்கே போகிறது. ஐடிலிங்கில் காயில் தருவதே குறைவு. அதற்கு மேல் 30, 40 வாட் ஃபாக் லைட்டை ஊருக்குள், சிக்னலில், ரயில்வே கேட்டில் எரியவிட்டால் அந்த நேரமெல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகும். உங்களுக்கு 4000ல் 13.6 வருவதால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள், தாராளமாகத் தாங்கும். நின்றால் அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகை வைத்திருப்பவர்களுக்கு: அளவுக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆசிட் ஊற்றவே கூடாது, ஆவியானது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. ஆர்ஓ தண்ணீர், கேன் தண்ணீரும் வேண்டாம்.

மாமியார்_ஸ்கூட்டர்:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் பிஎஸ்6 ஸ்கூட்டர், இன்ஜெக்ஷன், 2021 மாடல், கிக்கரே கிடையாது. என் மாமியார் வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுப்பார்கள். போன வாரம் சாவி போட்டதும் மீட்டர் எரிந்தது, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மீட்டர் அணைந்து அணைந்து எரிந்தது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் முயன்றான், எடுக்கவில்லை. இதுவும் எர்த்தாக இருக்குமா?

பட்டறைக்காரன்_கோவை:

அம்மா, ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, கியர் இல்லாத வண்டியில் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கிளட்ச் பிடிக்காது. பையனுக்கு வீண் சிரமம்தான்.

பட்டனை அழுத்தினதும் மீட்டர் அணைந்து எரிந்தால் பெரும்பாலும் பேட்டரி காலியாகியிருக்கும், வாரத்துக்கு ஒருமுறை கோயில் ஓட்டத்தில் அது நிறையாது. உங்கள் வண்டியில் சாவி போட்டதும் பின்னால் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி 'விர்' என்று ஓடும், அந்தச் சத்தம் இழுத்து இழுத்து வந்தாலோ வராமலே போனாலோ பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் வகை ஸ்கூட்டராக இருந்தால் அதில் தனியாக செல்ஃப் மோட்டார் கிடையாது, ஜெனரேட்டரே மோட்டாராகவும் சுற்றும், அதனால் கார்பன் பிரஷ் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அவசரத்துக்கு இன்னொரு 12 வோல்ட் வண்டியின் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர்கள் மூலம் கரண்ட் எடுத்து, அதாவது ஜம்ப் கொடுத்து, ஸ்டார்ட் செய்யலாம். கொடுக்கிற வண்டி காராக இருந்தால் அதன் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சிவப்பு ஒயரை இரண்டு பாசிட்டிவுக்கும் மாட்டி, கறுப்பு ஒயரை கொடுக்கிற பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை உங்கள் ஸ்கூட்டர் இன்ஜினில் வெறும் உலோகத்திலும் கடைசியாக மாட்டுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கடைசியில் மாட்டியதை முதலில் கழற்றுங்கள். பிறகு பேட்டரியை எடுத்து, ஆசிரியர் சொன்ன மாதிரி மெதுவாகச் சார்ஜ் போட்டு, அரை நாள் கழித்து அளந்து பாருங்கள்.

2021 வண்டியின் பழைய பேட்டரி என்றால் அதன் ஆயுள் முடிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மாற்றுவதாக இருந்தால் கடையிலேயே அதன் மேல் பொறித்திருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், மீட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். சார்ஜ் செய்து தருகிற பேட்டரி 12.6க்குக் கீழே காட்டினால் வேறு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அலமாரியிலேயே மாதக்கணக்கில் கிடந்த சரக்காக இருக்கலாம்.